திரை பூட்டிக்கொள்ளும் வரை

போன வாரம் நான் தும்மினேன். மகள் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப் உடனே பூட்டிக்கொண்டது. இந்தக் காலத்து லேப்டாப்புக்குக் கண் இருக்கிறதாம். எதிரே முகம் தெரிகிற வரைக்கும் விழித்திருக்கும், முகம் விலகினால் ஆள் போய்விட்டான் என்று திரையை மூடிவிடும். நான் குனிந்து மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் பாஸ்வேர்டு கேட்டது. அறுபது வயதுக்காரனுக்குத் தும்மல் ஒன்றோடா நிற்கும்? நாலு தும்மல், நாலு பாஸ்வேர்டு. ஐந்தாவது தும்மலை அடக்கிப் பார்த்ததில் காது அடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

இதைப் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரிலுள்ள லேப்டாப்பை எல்லாம் தூங்கவிடாமல் செய்த பாவம் இப்போது திரும்பி வந்திருக்கிறது, அந்த ஜவ்வாது மலைக் கதையை முழுசாக எழுதுங்கள் சார் என்று ஒருத்தி ஆரம்பிக்க, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். சும்மா இருக்கிற மனிதனை எழுதச் சொன்னால் விடுவானா? உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என்னைப் பற்றி, சுருக்கமாக. பெயர் சம்பத். கலசப்பாக்கம் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பம். கணக்கில் டிகிரி. அப்புறம் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ். நாற்பது பேருக்கு இரண்டு கம்ப்யூட்டர், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் கோர்ஸ் முடித்தபோது கம்ப்யூட்டரைத் தொட்ட நேரத்தைவிட அந்தச் செருப்புகளுக்குக் காவல் இருந்த நேரம் அதிகம். அந்த லட்சணத்தில் திருப்பத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்தது. முப்பது வருஷம் அங்கேயே இருந்தேன். சீட்டு போடுகிற புரோகிராம், வருகைப் பதிவு, ஆஸ்பத்திரி டோக்கன் என்று என்னென்னவோ எழுதினேன். எழுதியதில் பாதி இப்போது எங்கே ஓடுகிறது என்று எனக்கே தெரியாது.

மேலதிகாரியைப் பற்றி மட்டும் சுருக்க முடியாது. ரஹமத்துன்னிசா மேடம். வாணியம்பாடிக்காரர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதுகிற புரோகிராமை எல்லாம் அச்செடுத்து மேஜையில் வைத்துக்கொள்வார். ஒரு ஸ்டீல் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். புரோகிராம் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குகிற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். ஃபைல் திறந்தாலும் சரி, லைன் பிடித்தாலும் சரி, வட்டம். அதைத் திருப்பிக் கொடுக்கிற இடம் வந்ததும் வட்டத்துக்குள் ஒரு டிக். கடைசி வரி வந்த பிறகும் டிக் இல்லாத வட்டம் மிச்சமிருந்தால், தாளை நம் பக்கம் தள்ளிவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "இது எப்ப திரும்பி வரும்?"

அவ்வளவுதான். அப்புறம் டீயை சாசரில் ஊற்றி ஊதிக்கொண்டிருப்பார். அந்த டீ ஆறுவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருஷம் இருக்கும்போது ஒரு மருத்துவமனை எங்களிடம் வேலை கொடுத்தது. பெயர் வேண்டாம். அடிவாரத்திலும் மலையிலுமாக அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு சின்ன நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸ், ஒரு லேப்டாப். நர்ஸ் பட்டனை அமுக்கினால் கீழே இருக்கிற டாக்டர் திரையில் வருவார், பார்ப்பார், இப்படிச் செய் அப்படிச் செய் என்று சொல்வார். அந்தப் புரோகிராம் என் பொறுப்பு.

போட்ட ஒரு மாதத்தில் புகார் குவிந்தது. மருத்துவமனையின் விதிப்படி ஐந்து நிமிஷம் யாரும் லேப்டாப்பைத் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். விதியில் தப்பில்லை, நோயாளிகளின் விஷயம் எல்லாம் அதில்தானே இருக்கிறது. ஆனால் டாக்டர் "அங்கேயே அமுக்கிப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, கையுறை போட்ட நர்ஸ் எங்கே போய் மவுஸைத் தொடுவது? முதலில் திரை பூட்டும். கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பே தூங்கிவிடும். டாக்டரின் குரலும் அதோடு போய்விடும். நர்ஸ் கையுறையைக் கழற்றி, பாஸ்வேர்டு அடித்து, மறுபடி டாக்டரைப் பிடிப்பதற்குள் நோயாளிக்கு உயிர் போய் உயிர் வரும்.

இதற்கு நான் கண்டுபிடித்த முதல் வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு அடங்கமாட்டேன் என்கிறது. நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் புரோகிராமே மவுஸ் அம்பைப் பத்துப் புள்ளி வலது பக்கம் நகர்த்தும்படி எழுதினேன். யாரோ தொடுகிறார்கள் என்று லேப்டாப் ஏமாந்துவிடும் இல்லையா? ஏமாந்தது. ஆனால் வலது பக்கம் நகர்த்தியவன் இடது பக்கம் திருப்பிக் கொண்டுவர மறந்துவிட்டேன். அடிவாரத்து நிலையம் ஒன்றில் வைத்துப் பார்த்தோம். சாயங்காலத்துக்குள் அம்பு போய் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டது. முட்டிய பிறகு நகர இடமில்லை. நகராததால் திரை பூட்டிக்கொண்டது. அதற்கு நடுவே அந்த நர்ஸ் ஒரு மருந்தின் பெயர் மேல் அமுக்கப்போன நேரத்தில் அம்பு துள்ளிப் பக்கத்து மருந்தில் விழுந்திருக்கிறது. நல்லவேளை, அவர் கவனித்துவிட்டார். போன் போட்டு, "சார், உங்க அம்புக்குப் பேய் புடிச்சிருக்குது" என்றார்.

மேடம் சாசரைக் கீழே வைத்தார். "மெஷினுக்குப் பொய் சொல்லாதீங்க சம்பத். உங்களுக்கு இன்னா வேணுமோ அதைக் கேளுங்க" என்றார். பிறகு புகார்ப் பட்டியலில் ஸ்கேலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். காவலூருக்கு அப்பால், மலை மேலே இருக்கிற ஒரு நிலையத்திலிருந்து மட்டும் ஒரு புகார்கூட வரவில்லை. அதே லேப்டாப், அதே புரோகிராம், அதே ஐந்து நிமிஷம். பூட்டவே இல்லையா, அல்லது அங்கே யாரும் உபயோகிக்கவே இல்லையா என்று பார்த்துவிட்டு வரச்சொன்னார்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் என் டிபன் பாக்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இறங்கி ஒரு மைல் நடந்தால் புளியமரத்தடியில் அந்த நிலையம். இரண்டே அறை. உள் அறையில் நோயாளிக் கட்டில், அதற்கு எதிரே மேஜை மேல் லேப்டாப். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு இல்லை, ஒரு பச்சைத் துணித் திரைதான், மேஜை அதை ஒட்டியே இருந்தது. நர்ஸ் செல்வராணி உள்ளே டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். வெளி அறையில் ஒருவர் ஸ்டூல் போட்டு, முதுகை நிமிர்த்தி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை மட்டும் துணிக்கு உள்ளே போயிருந்தது.

எட்டிப் பார்த்தேன். உள்ளே மேஜை மேல் அந்தக் கை மவுஸை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஸ்டூல்காரர் சத்தம் போடாதே என்று இடது கையால் சைகை செய்தார், வலது கை நிற்கவில்லை. வெளிச்சுவரில் சாக்பீஸில் ஒரு பட்டியல்: திங்கள் இன்னார் வீடு, செவ்வாய் இன்னார் வீடு என்று ஞாயிறு வரைக்கும். சாமை முற்றுகிற சமயத்தில் காட்டுப் பன்றியிடமிருந்தும் குருவியிடமிருந்தும் கொல்லையைக் காக்க அங்கே வீட்டுக்கு வீடு முறை போட்டுக்கொள்வார்கள். செல்வராணி ஒருநாள் பேச்சுவாக்கில், இந்தப் பெட்டி தூங்கிவிடுகிறது, என் கைக்கு ஓய்வில்லை என்று சொல்லியிருக்கிறார். மறுநாளே ஊர்க்காரர்கள் அதற்கும் ஒரு காவல் முறை போட்டுவிட்டார்கள். டாக்டர் திரையில் வந்ததும் அன்றைய முறைக்காரர் வந்து கையை விடுவார். டாக்டர் போனதும் கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். உள்ளே பெண்கள் இருப்பார்கள் என்பதால் முகம் சுவர்ப்பக்கம். இந்த ஒழுங்கை எல்லாம் வகுத்தவர் அந்த ஸ்டூல்காரர்தான், பெயர் சடையாண்டி. எட்டாவது வரை படித்தவர், ஊருக்கு வருகிற கடிதாசு எல்லாவற்றையும் அவர்தான் படித்துச் சொல்வார்.

திருப்பத்தூர் திரும்பி இதைச் சொன்னேன். மேடம் சிரித்து நான் பார்த்த இரண்டு மூன்று தடவைகளில் அது ஒன்று. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஆளை நாம் வேலைக்கு எடுத்திருக்க வேண்டும் என்றார்.

பிறகு ஒழுங்கான வழியைத் தேடிப் பிடித்தேன். கேட்டால் கொடுக்கிற ஏற்பாடு அந்த லேப்டாப்பின் இயங்குதளத்திலேயே இருந்தது, கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. புரோகிராம் தன் பெயரையும் காரணத்தையும் சொல்லி, 'கொஞ்ச நேரம் தூங்காதே, திரையைப் பூட்டாதே' என்று விண்ணப்பித்தால் அது ஓர் எண்ணைக் கொடுக்கும். கோயில் வாசலில் செருப்பு விட்டால் கொடுக்கிற டோக்கன் மாதிரி. அந்த எண்ணைத் திருப்பிக் கொடுக்கிற வரை, அல்லது புரோகிராமை மூடுகிற வரை, லேப்டாப் விழித்திருக்கும். கோர்ஸ் படித்த காலத்துச் செருப்புக் காவல் வீண்போகவில்லை என்று எனக்குப் பெருமையான பெருமை.

அப்போது மேடம் அக்கா மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு. அச்செடுத்து ஸ்கேல் வைக்க ஆளில்லை. எனக்கோ அவசரம். புரோகிராம் திறந்ததுமே டோக்கன் வாங்கும்படி எழுதினேன். மூடும்போது அதுவாகவே திரும்பிப் போய்விடும், அப்புறம் என்ன? நானே மலைக்கு எடுத்துப்போய்ப் போட்டேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அரை மணி. யாரும் தொடவில்லை, திரை பளிச்சென்று எரிந்தது. ஊரே கூடிப் பார்த்தது. இனிமேல் காவல் வேண்டாம், இது பாட்டுக்கு முழித்திருக்கும் என்று நான் அறிவித்தேன். சாக்பீஸ் பட்டியலை ஈரத்துணியால் அழித்தார்கள். எல்லோருக்கும் டீ.

சடையாண்டிக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் இன்னா பண்றது சார்?" என்று கேட்டார்.

"சும்மா உக்காந்து வேடிக்கை பாருங்க அண்ணே" என்றேன். வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பூட்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவர் நான் சொன்னபடியே செய்தார். தினம் வந்து உட்கார்ந்தார். இனி கை நுழைக்கும் வேலை இல்லாததால் சுவரைப் பார்த்து உட்காரவும் அவசியமில்லை. செல்வராணி காலையில் லேப்டாப்பைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவார். முன்பெல்லாம் அவர் வீடு வீடாகப் போகக் கிளம்பினால் ஐந்து நிமிஷத்தில் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்த நம்பிக்கையிலேயே இப்போதும் கிளம்பினார். நோயாளி யாரும் இல்லாத ஒரு மத்தியானம் காற்றுக்குத் துணித் திரை விலகியிருந்தது. எதிரே அன்றைய பட்டியல் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சடையாண்டி படிக்கத் தெரிந்த மனிதர். படித்தார்.

அலமேலு. கர்ப்பம், ஒன்பது வாரம். முன்பு இரண்டு இழப்பு. ரத்த அழுத்தம் கவனிக்கவும்.

அவருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். மனதில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. நேராக வீட்டுக்குப் போய் ஒரு பாட்டில் தேனை எடுத்துக்கொண்டு அலமேலுவின் மாமியாரிடம் போய், நல்ல சேதி கேள்விப்பட்டேன் என்று நின்றிருக்கிறார். மாமியாருக்கே அப்போதுதான் தெரியும். வழியில் பார்த்த நாலு பேருக்கும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். இருட்டுவதற்குள் மூன்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. கேரளாவில் தோட்ட வேலைக்குப் போயிருந்த புருஷனுக்கு எவனோ போன் போட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறான்.

அலமேலு அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. முதல் இரண்டு தடவையும் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. இரண்டு தடவையும் கலைந்த பிறகு ஊர் முழுக்க வந்து துக்கம் கேட்டது. வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அவள் நொந்துபோயிருந்தாள். இந்தத் தடவை வயிறு தெரிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்து, செல்வராணியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அதுதான் இப்போது மூன்று ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நிலையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வாராவாரம் ரத்த அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து என்று திரையில் வருகிற டாக்டரம்மா சொல்லியிருந்தார். செல்வராணி வீட்டுக்கே போய்க் கூப்பிட்டதற்கு, அந்தப் பெட்டி இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன், நீங்களும் வராதீர்கள் என்று கதவைச் சாத்திவிட்டாளாம்.

செல்வராணி போனில் இதையெல்லாம் சொல்லி முடித்தார். அன்றுதான் மேடம் லீவு முடிந்து வந்திருந்தார். நானே போய் அச்செடுத்து அவர் மேஜையில் வைத்தேன். ஸ்கேல் இறங்கியது. மேலிருந்து ஏழாவது வரியில் ஒரு வட்டம். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக ஸ்கேல் இறங்கியதே தவிர, டிக் வரவில்லை.

தாள் என் பக்கம் வந்தது. "இது எப்ப திரும்பி வரும்?"

புரோகிராமை மூடும்போது என்றேன். எப்போது மூடுவார்கள் என்றார். சாயங்காலம் என்றேன். டாக்டர் எவ்வளவு நேரம் பேசுவார் என்றார். கால் மணி என்றேன்.

"அந்த சடையாண்டி இருக்காரே, அவர் கை டாக்டர் வந்தா வந்துச்சு, டாக்டர் போனா போச்சு. முகத்தை வேற திருப்பிக்கிட்டார். உங்க புரோகிராமை விட அது நல்ல புரோகிராம்" என்றார். அப்புறம் டீயை ஊதிவிட்டு, "திருத்தி எழுதி எடுத்துக்கிட்டு நீங்களே போங்க. அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார்.

மூன்று நாள் பிடித்தது. பிள்ளைகள் ஒரு வரி வேலைக்கு மூன்று நாளா என்று கேலி செய்வார்கள். வாங்குவது ஒரு வரிதான். திருப்பிக் கொடுப்பதில்தான் சங்கதி. டாக்டர் திரையில் வந்ததும் டோக்கன் வாங்க வேண்டும். நர்ஸ் பேச்சை முடித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். டாக்டர் முடித்தாலும், மலையில் அடிக்கடி நடக்கிறபடி லைன் அறுந்துபோனாலும், புரோகிராம் நடுவில் எதிலாவது தடுக்கி விழுந்தாலும், யாராவது அதை மூடினாலும், எந்த வழியில் வெளியே போனாலும் அந்த வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டுகிற வேலையையும் நாமே செய்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், பூட்டுவது மருத்துவமனையின் விதி, நாம் தடுத்ததை விட்டுவிட்டால் போதும் என்றார் மேடம். காரணம் எழுதுகிற இடத்தில் முன்பு நான் 'முக்கியம்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'டாக்டர் பேசிக்கொண்டிருக்கிறார்' என்று தன் கையால் எழுதினார். கடைசியில் ஒரு வட்டம், ஐந்து டிக். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அலமேலுவின் வீடு நிலையத்திலிருந்து இரண்டு மேடு தாண்டி. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு நானும் செல்வராணியும் போனோம். பின்னாலேயே நூறடி தள்ளி சடையாண்டி, குற்றவாளி மாதிரி. அலமேலு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும், மெலிந்த பெண். எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்: "தப்பு இவங்க மேல இல்லம்மா, சடையாண்டி அண்ணன் மேலயும் இல்ல. அந்தப் பொட்டி கண்ணை மூடவிடாம பண்ணது நான். உன் விஷயம் வெளிய போனதுக்கு நான்தான் காரணம்."

அவள் புளியங்கொட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "இப்ப மூடுதா?"

மூடும் என்றேன். காட்டு என்றாள்.

வாசலிலேயே ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டு லேப்டாப்பை வைத்தோம். சிக்னல் ஒரு கோடு இருந்தது. டாக்டருக்குப் பதிலாகத் திருப்பத்தூரில் மேடத்தைத் திரைக்கு அழைத்தேன். அவர் சாசரோடு வந்தார், சலாம் சொன்னார், அலமேலுவிடம் ஊர் நிலவரம் விசாரித்தார். பத்து நிமிஷம் யாரும் தொடவில்லை, திரை அணையவில்லை. பேச்சை முடித்தோம். இனி ஐந்து நிமிஷம், யாரும் தொடக்கூடாது என்றேன். மாமியார், பக்கத்து வீட்டார், சடையாண்டி என்று ஒரு கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாலரை நிமிஷம் ஆகியிருக்கும். எங்கிருந்தோ ஒரு கோழி வந்து, உரல் மேலே தாவி ஏறி, பட்டன்கள் மேலே நாலு எட்டு நடந்துவிட்டு இறங்கிப் போனது.

"மறுபடியும் மொதல்ல இருந்து" என்றேன். கூட்டம் தலையில் அடித்துக்கொண்டது. சடையாண்டி கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினார். அலமேலு தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஐந்து நிமிஷம் முடிந்ததும் திரை கறுத்தது. அவளே எழுந்து வந்து ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தாள். பாஸ்வேர்டு கேட்டது. உள்ளே இருக்கிற எதுவும் தெரியவில்லை. கையில் இருந்த புளியைச் சேலையில் துடைத்தபடி, "வர்றேன். ஆனா இது மூடற வரைக்கும் நான் எழுந்து போகமாட்டேன்" என்றாள்.

சொன்னபடியே நடந்தாள். வாராவாரம் வந்தாள். டாக்டரம்மா பேசி முடித்ததும், செல்வராணி எல்லாம் எழுதி முடிக்கிற வரைக்கும் இருந்து, பிறகு திரைக்கு எதிரே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, அது பூட்டிக்கொண்ட பிறகுதான் கிளம்புவாளாம். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் அப்படியே உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டியைத் தூங்கவிடாமல் காவல் இருந்த ஊர், இப்போது அது தூங்குகிறதா என்று காவல் இருந்தது.

பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே அவளைத் திருப்பத்தூருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா தேதி குறித்திருந்தார். குழந்தைக்கு அந்தத் தேதியில் சம்மதமில்லை. அந்த வாரம் நான் மலையில் இருந்தேன். எனக்கு வேலையில் அது கடைசி மாதம், எல்லா நிலையங்களுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து மழை. பதினோரு மணிக்கு அலமேலுவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, ஆனால் வளைவில் மரம் விழுந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று போன் வந்தது. செல்வராணி கையுறையை மாட்டிக்கொண்டு, முழங்கையால் பட்டனை அமுக்கினார். டாக்டரம்மா திரையில் வந்தார். பச்சைத் துணியை இழுத்துவிட்டார்கள்.

வெளி அறையில் நான், சடையாண்டி, கேரளாவிலிருந்து முந்தாநாள் வந்து சேர்ந்த புருஷன். புளியமரத்தடியில் சாக்குப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பாதி ஊர். உள்ளே நடப்பது தெரியாது. டாக்டரம்மாவின் குரல் கேட்கிற வரைக்கும் திரை விழித்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிஷம் கடந்தது. குரல் கேட்டது. அரை மணி. ஒரு மணி. அழுத்தம் எவ்வளவு, மறுபடி பார், இடது பக்கம் திருப்பு, ஊசி போடு. உள்ளே யாருக்கும் லேப்டாப்பைத் தொடக் கை இல்லை. ஆயிரக்கணக்கில் வரிகள் எழுதியவன்தான், ஆனால் நான் எழுதிய ஒரு வரி சுவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தது அன்றுதான். சடையாண்டியைப் பார்த்தேன். அவருடைய வலது கை தொடை மேலே மெதுவாக மவுஸ் ஆட்டிக்கொண்டிருந்தது. என் கையைப் பார்த்தேன். அதுவும்தான்.

திடீரென்று டாக்டரம்மாவின் குரல் நின்றது.

மழைச் சத்தம் மட்டும். சடையாண்டி எழுந்துவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, துணிக்குப் பக்கத்தில் போய், கையைத் தூக்கிக்கொண்டு, "சார், நான் கைய வுடவா?" என்று கிசுகிசுத்தார்.

அப்போது உள்ளே டாக்டரம்மா நிதானமாக, "ம், இப்ப. இப்ப முக்கு" என்றார். ஒரு கத்தல். அதற்குப் பிறகு இன்னொரு கத்தல், சின்னது, கோபமானது, புதுசு.

புருஷன் சுவரில் சாய்ந்து அழுதான். நான் சடையாண்டியைக் கட்டிக்கொண்டேன், அவர் என்னைக் கட்டிக்கொண்டார். மரத்தடிக் கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. என்ன பிள்ளை, என்ன பிள்ளை என்று மாமியார் துணியைப் பிடித்தார். செல்வராணி தலையை மட்டும் வெளியே நீட்டினார். தாயும் நலம், பிள்ளையும் நலம், டாக்டரம்மா போய்விட்டார், ஆனால் என்ன பிள்ளை என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"ஏன்?"

"அலமேலு கண்டிஷனா சொல்லிட்டா. பொட்டி மூடட்டுமாம்."

மழையில் நனைந்துகொண்டு அறுபது எழுபது பேர் ஒரு லேப்டாப் தூங்குவதற்காகக் காத்திருந்தோம். மூன்று நிமிஷம் போயிருக்கும், செல்வராணிக்கு டாக்டரம்மா சொன்ன மருந்து ஒன்று சந்தேகமாகிவிட்டது, பட்டனைத் தட்டிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து. கூட்டம் ஐயோ என்றது. அப்பன்காரன் அழுதுகொண்டே சிரித்தான். இந்தத் தடவையும் கொண்டுவந்திருந்த தேன் பாட்டிலோடு சடையாண்டி ஜன்னல் பக்கம் போய், உள்ளே பார்க்காமல், மழையைப் பார்த்து நின்றுகொண்டார்.

ஐந்து நிமிஷம். உள்ளே ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. பிறகு அலமேலுவின் குரல், களைத்துப்போன குரல்தான், ஆனால் மரத்தடி வரைக்கும் கேட்டது.

"பொட்டி மூடிக்கிச்சு. நானே சொல்றேன். பொண்ணு."

ஒரு ஆரவாரம் எழுந்தது பாருங்கள். நான் எழுதிய எந்தப் புரோகிராமுக்கும் அப்படிக் கைதட்டியதில்லை. சடையாண்டி மட்டும் அசையவில்லை. மழையைப் பார்த்தபடியே ஜன்னலிடம் கேட்டார்: "ஏம்மா, இப்ப நான் நாலு பேருக்குச் சொல்லலாமா?"

உள்ளேயிருந்து அலமேலு சொன்னாள்: "மூணு ஊருக்கும் போய்ச் சொல்லுண்ணே."

தேன் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த மழையில் அவர் ஓட ஆரம்பித்தார்.